அப்பாவின் அம்மா யாருடைய மகள்?

ஆடி அமாவாசையன்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். அவருக்குப் பதில் தெரியவில்லை.

அப்பா ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த ஸ்டேஷனை எத்தனை மணிக்குத் தாண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அப்படிப்பட்டவர், கையில் தர்ப்பைப் புல்லோடு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஐயர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அப்பா பேர்? சொன்னார். தாத்தா பேர்? சொன்னார். அம்மா பேர்? அதையும் சொன்னார்.

"அம்மாவோட அப்பா பேரு?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் எங்கே போவேன்? பின்னால் இன்னும் இருபது பேர் எள்ளும் தண்ணீருமாகக் காத்திருந்தார்கள்.

"தெரியலேன்னா பரவால்ல. பொதுவா சொல்லிக்கலாம்," என்று ஐயர் அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார்.

கோயிலிலிருந்து திரும்பும்போது வழக்கமாக மூலைக்கடையில் வடை வாங்குவார். அன்று கடையைப் பார்க்காமலே தாண்டிப் போனார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "இத்தனை வயசாச்சு. எங்கம்மா யாரு பொண்ணுன்னு எனக்குத் தெரியல."

"தெரிஞ்சி இப்ப என்ன ஆகணும்? சாப்பிட வாங்க," என்றார் அம்மா.

அப்பாவுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவருடைய அம்மா இறந்துபோனார். தாத்தா வேறு கல்யாணம் செய்துகொண்டார். இறந்தவரைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. அப்பா ஒரே ஒரு முறை கேட்டாராம். "அவளுக்கு யாருமில்ல," என்று தாத்தா சொல்லிவிட்டாராம். அந்த ஒரு வரியை அப்பா ஐம்பது வருடத்துக்கும் மேலாக நம்பிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் ஒரு புது நோட்டுப் புத்தகத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தேதி, இடம், யாரைப் பார்த்தது, என்ன தெரிந்தது என்று நான்கு கட்டங்கள். ரயில் வரும்போது எழுதும் பதிவேடு மாதிரியே இருந்தது.

"நீ லாயர் ஆபீஸ்ல இருக்கே. இந்த பத்திரமெல்லாம் ஒனக்குத் தெரியும். சனிக்கிழமை லீவு போடு," என்றார்.

நான் அப்போது கோலாலம்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எனக்கு இருபத்துநான்கு வயது. எனக்குத் தெரிந்த சட்டமெல்லாம் கார்பன் தாளை எந்தப் பக்கம் வைப்பது என்பதுதான். ஆனால் அக்கம்பக்கத்தில் அப்பா என்னைப் பாதி வழக்கறிஞர் என்று சொல்லி வைத்திருந்தார். இப்போது மறுக்க முடியவில்லை.

முதலில் அப்பாவின் பிறப்புச் சான்றிதழை பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்தோம். தாயார் என்ற இடத்தில் ஒற்றைப் பெயர்தான் இருந்தது. நம் பெண்களுக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாதே. பிறந்த வீட்டைச் சொல்ல ஒரே வழி 'டி/ஓ' என்று போட்டு அதற்குப் பின்னால் எழுதும் அப்பா பெயர்தான். கல்யாணம் ஆனால் அது 'டபிள்யூ/ஓ' ஆகி, அந்த இடத்தில் கணவன் பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறந்த வீடு காணாமல் போய்விடும். அப்பாவின் அம்மாவுக்கு அந்தச் சான்றிதழில் இரண்டுமே இல்லை.

அடுத்து தான் பிறந்த எஸ்டேட்டைப் பார்த்துவிட வேண்டும் என்றார் அப்பா. நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளோடு எஸ்டேட் இருந்த இடம் அப்போது சுபாங் ஜெயா என்ற புதுக் குடியிருப்பாகியிருந்தது. இரண்டு பஸ் மாறி, வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள் இருக்கும் ஒரு தெருவில் போய் நின்றோம். அப்பா இடுப்பில் கைவைத்து நாலா பக்கமும் பார்த்துவிட்டு ஒரு வீட்டின் கார் நிறுத்துமிடத்தைக் காட்டினார்.

"இங்கதான் எங்க லயம். ஆறாவது வாசல்."

"எப்படிப்பா தெரியும்?"

"தரை சரியிற விதம் மாறல பாரு."

அந்த வீட்டுச் சீன ஆன்டி கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "அங்கிள், யார் வீட்டைத் தேடுறீங்க?" என்று மலாயில் கேட்டார். "என் வீட்டை," என்றார் அப்பா. அந்த ஆன்டி திரும்பி வீட்டையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்த பார்வையில் நான் அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் நோட்டில் எழுதினார்: 'சுபாங் ஜெயா. சீனப் பெண்மணி. ஒன்றும் தெரியவில்லை.'

பிறகுதான் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். இறப்புப் பதிவைத் தேடலாம் என்பது என் யோசனை. கவுண்டரில் இருந்தவர் தடித்த கண்ணாடி போட்ட மலாய்க்காரப் பெண்மணி. மிகப் பொறுமையான மனுஷி. அப்பாவின் அம்மா பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டு நிமிர்ந்தார்.

"பிந்தி அப்பா?"

அவர் கேட்டது யாருடைய மகள் என்று. மலாயில் 'பிந்தி' என்றால் 'இன்னாரின் மகள்', 'அப்பா' என்றால் 'என்ன'. ஆனால் எங்கள் அப்பா தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் முன்னால் வந்து, நல்ல மலாயில் சொன்னார்: "அது தெரிந்திருந்தால் நான் ஏன் உங்களிடம் வரப் போகிறேன்?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். கணவன் பெயரை வைத்துத் தேடுகிறேன், வருடம் மட்டும் சொல்லுங்கள் என்றார். அப்பா எஸ்டேட் பள்ளியில் சேர்ந்த வருடமும் அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வருடமும் எழுதிக் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்துப் போனபோது அவர் தலையை ஆட்டினார். அந்த எஸ்டேட்டில் அப்படி ஒரு இறப்பு பதிவாகவில்லை.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மாட்டு வண்டி," என்றார்.

"என்னப்பா?"

"அம்மாவ மாட்டு வண்டியில ஏத்துனாங்க. என்னைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டாங்க. யாரோ ஒரு ஆளு அம்மாவைத் தூக்கிட்டுப் போனாரு. அப்பா இல்ல. அப்பா வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாரு. அம்மா திரும்பி வரல."

இதை அதுவரை எங்களிடம் அவர் சொன்னதே இல்லை. அவருக்கே அப்போதுதான் ஞாபகம் வந்ததா என்றும் எனக்குத் தெரியாது. நான் கவுண்டருக்கு ஓடி, "அங்கே சாகவில்லை, எங்கோ கொண்டுபோயிருக்கிறார்கள்," என்றேன். அந்த அம்மாள் பேனாவைக் கன்னத்தில் தட்டினார். அந்தப் பக்கத்து மக்கள் அப்போது கிள்ளான் ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள், கிள்ளான் புத்தகத்தைப் பார்க்கச் சொல்லி எழுதுகிறேன் என்றார்.

இரண்டு வாரம் மூன்றாகி, மூன்று ஐந்தாயிற்று. வீட்டில் அம்மா, "செத்துப்போன மாமியாரோட அப்பன் பேரைத் தேடுறாரு. மூக்குக் கண்ணாடிய எங்க வச்சாருன்னு தெரியல," என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வழியாகப் பதிவின் நகல் கிடைத்தது. ஆங்கிலத்தில் சாய்ந்த கையெழுத்து. இறந்தவர்: அப்பாவின் அம்மா பெயர். அதன் பக்கத்தில் 'டபிள்யூ/ஓ', பிறகு தாத்தாவின் பெயர். அப்பா விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தார்.

"இங்கயும் மனைவிதான்," என்றார்.

லாயர் ஆபீஸில் இருந்து நான் கற்றுக்கொண்ட உருப்படியான ஒரே விஷயம், எந்தப் பத்திரத்தையும் அடியிலிருந்து படிக்க வேண்டும் என்பதுதான். யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் சாட்சி என்று முதலில் பார்ப்பேன். இதிலும் கடைசிக் கட்டத்துக்குப் போனேன். இறப்பைத் தெரிவித்தவர் என்று ஒரு ஆண் பெயர். கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் ரேகை. முகவரி, போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத் தொழிலாளர் லயம். இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'சகோதரர்' என்று இருந்தது.

அந்தச் சகோதரரின் பெயருக்குப் பின்னால் 'எஸ்/ஓ' போட்டு இன்னொரு பெயர்.

"அப்பா! அண்ணன் இவருக்கு மகன்னா, தங்கச்சியும் இவருக்குத்தானே மகள்?"

அப்பா நகலை என் கையிலிருந்து வாங்கினார். பெயரைப் படிக்கவில்லை. "எங்கம்மாவுக்கு அண்ணன் இருந்தாரா?" என்றுதான் கேட்டார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "நம்ம வீட்டுப் பேரு நம்ம வீட்டுலயே இருக்கட்டும்," என்று அப்பா சொல்லிவிட்டார். அப்போது எங்களுக்கு அதில் வேறொரு தொல்லை. எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஒரு விதமாகப் படித்தால் அது முருகனின் பெயர். இன்னொரு விதமாகப் படித்தால் ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் சாமியின் பெயர். அப்பா முருகன் கட்சி, நான் அரிவாள் கட்சி. இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் இதே சண்டை. கடைசியில் அம்மா, "போயி அவங்க ஆளுங்களயே கேட்டுட்டு வாங்களேன்! காது வலிக்குது," என்றார்.

அடுத்த சனிக்கிழமை கோலக் கிள்ளானுக்குக் கிளம்பினோம். அந்த ஊர்த் துறைமுகத்தின் பழைய பெயர்தான் போர்ட் சுவெட்டன்ஹாம். பஸ்ஸில் போனால் சீக்கிரம் போயிருக்கலாம். அப்பா ரயிலில்தான் வருவேன் என்றார். வழியெல்லாம் ஒவ்வொரு சிக்னலையும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பெயின்ட் அடிக்காம வச்சிருக்கானுங்க," என்று குறை சொல்லிக்கொண்டே வந்தார். பதற்றமாக இருந்தார் என்று இப்போது புரிகிறது.

துறைமுகத் தொழிலாளர் லயம் எப்போதோ போய்விட்டது. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் விசாரித்தோம். கல்லாவில் இருந்தவர் காகிதத்தில் இருந்த சகோதரரின் பெயரைப் படித்துவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினார்: "அண்ணே, இது நம்ம தையக்கார அக்காவோட அப்பா பேருதானே?"

உள்ளேயிருந்து பதில் வந்தது: "ஆமா லா, பண்டமாரான்ல இருக்காங்களே!"

தேடத் தொடங்கி நான்கு மாதம். கடைசிப் படி தாண்ட ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

பண்டமாரானில் ஒரு பலகை வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சன்னலோரம் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய அம்மாள் ஒருவர், வாயில் இரண்டு குண்டூசிகளோடு ஒரு பள்ளிச் சீருடையைத் தைத்துக்கொண்டிருந்தார். அளவு கொடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்து, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அப்பா நிலைப்படியிலேயே நின்றார். ரயிலில் வரும்போது என்னென்னவோ பேச ஒத்திகை பார்த்திருப்பார் போல. தன் அம்மாவின் பெயரை மட்டும் சொன்னார். பிறகு, "நான் அவங்க மகன்," என்றார்.

அந்த அம்மாள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துப் பஞ்சில் குத்தினார். "ஒங்க பேரு?" என்று கேட்டார்.

அப்பா சொன்னார்.

"அண்ணே!" என்று பின்கட்டைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் இயந்திரத்தின் மேலிருந்த பூனை குதித்து ஓடியது. "அண்ணே, ஒன் பேருக்காரரு வந்துட்டாரு!"

பின்கட்டிலிருந்து லுங்கியோடு ஒருவர் வந்தார். துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். அவருக்கும் அப்பாவுக்கும் ஒரே பெயர்! தற்செயல் இல்லை. தங்கையின் காணாமல் போன மகனுடைய பெயரை அவர்களுடைய அப்பா தன் முதல் மகனுக்கு வைத்திருந்தார்.

அதன்பின் அந்த அம்மாள் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். அப்பாவின் அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றியபோது எஸ்டேட்டிலிருந்து யாரோ துறைமுகத்துக்குச் செய்தி சொல்லி அனுப்பினார்கள். அண்ணன், அதாவது இந்த அம்மாளின் அப்பா, வண்டி பிடித்துக்கொண்டு போனார். பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும் என்று தாத்தா தடுத்திருக்கிறார். அண்ணன் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கிள்ளானில் மூன்றாம் நாள் உயிர் போய்விட்டது.

"முன்னாடியே கொண்டு வந்திருந்தா பொழைச்சிருப்பான்னு எங்கப்பா சொன்னாரு. தூக்கிட்டுப் போனதாலதான் செத்தான்னு ஒங்கப்பா சொன்னாரு. அதோட முடிஞ்சிச்சு. பையனையாவது குடுங்க, நான் வளர்க்குறேன்னு எங்கப்பா மூணு தடவ வந்தாரு. மொத ரெண்டு தடவ வாசலோட அனுப்பிட்டாங்க. மூணாவது தடவ போனப்ப வீடே காலி. சுங்கை பூலோ பக்கம் வேற எஸ்டேட்டுக்குப் போயிட்டதா சொன்னாங்க. எந்த எஸ்டேட்டுன்னு யாருக்கும் தெரியல."

அப்பா எழுந்து சன்னல் பக்கம் போனார். பாதி தைத்த சீருடையைக் கையில் எடுத்து அதன் பித்தானைத் தடவிக்கொண்டே நின்றார். நான் பக்கத்தில் போகலாமா என்று யோசித்தேன். லோரி மாமா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"மூணு தடவ வந்தாரா?" என்று அப்பா திரும்பாமலே கேட்டார்.

"மூணு தடவ."

"என்னை யாரும் கேட்டு வரலேன்னு நெனச்சேன்." பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "மாமா எப்படி இருப்பாரு?" என்றார்.

"கண்ணாடிய பாருங்க. அந்தக் காது எங்கப்பா காதுதான்," என்றார் அந்த அம்மாள். எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் காது அப்படி. சின்ன வயதில் அதைப் பிடித்துத் தொங்கித்தான் நான் நடை பழகினேன் என்பார்கள்.

பெயர் விஷயத்தில் நான்தான் ஜெயித்தேன். அரிவாள் சாமி. ஆனால் அப்பா ரயில்வேக்காரர்; வாய்வார்த்தை போதாது, எழுத்தில் பார்க்க வேண்டும் என்றார். லோரி மாமா எங்களை இடுகாட்டுக்கு அழைத்துப் போனார். புல்லை ஒதுக்கியதும் சிமெண்டுக் கல்லில் தமிழில் அவருடைய அப்பாவின் பெயரும், 'இன்னாரின் மகன்' என்பதும் தெரிந்தன. அப்பா எழுத்து எழுத்தாக நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து நிமிர்ந்தபோது லோரி மாமா பக்கத்து மண்ணைக் காட்டினார். கல் இல்லை. சுற்றிலும் செங்கல் பதித்திருந்தது.

"இது அத்தை. எங்கப்பா உயிரோட இருந்த வரைக்கும் அவரே வந்து புல்லு வெட்டுவாரு. இப்ப நான் வரேன்."

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் செங்கல் ஓரத்தில் உட்கார்ந்தார். நான்கு மணி ரயிலை விட்டோம். ஐந்து மணி ரயிலையும் விட்டோம். ரயில் போவது தெரிந்தும் அவர் எழுந்திருக்காதது அன்று ஒருநாள்தான்.

அந்த வருட முடிவுக்குள் அங்கே கல் வைத்தார். கல் வெட்டுபவர், "புருஷன் பேரு போடணுமே அங்கிள்?" என்று கேட்டார். அப்பா யோசித்துத்தான் சொன்னார்: "எல்லா பேப்பர்லயும் அவரு இருக்காரு. இதுல அவங்க அப்பா இருக்கட்டும்." தாத்தாவின் மேல் கோபம் இருந்ததா என்று பின்னொரு நாள் கேட்டேன். "அவருக்கும் பொண்டாட்டி செத்துப்போனா இல்ல," என்றார்.

இதையெல்லாம் சொன்னபோது அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் பண்டமாரான் குடும்பம் முதல்முறை எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்த அன்று நிலைமை கொஞ்சம் மாறியது. தையல்கார அம்மாள் வாசலிலேயே அப்பாவை "என்ன மச்சான்!" என்று கூப்பிட்டார். சாப்பிடும்போது, "எங்கப்பா ஆசப்பட்டபடி மச்சான் எங்க வீட்டுல வளர்ந்திருந்தா, இந்நேரம் இந்தச் சாம்பார நான்தான் ஊத்திக்கிட்டு இருப்பேன்," என்று சொல்லிச் சிரித்தார். மாமன் மகள், முறைப்பெண். சொல்லலாம்தான். அப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அம்மாவின் கரண்டி ஒரு நொடி நின்று, பிறகு அப்பாவின் இலையில் மட்டும் வெறும் சாம்பாரை ஊற்றியது. முருங்கைக்காய் எல்லாம் லோரி மாமாவுக்குப் போனது.

அவர்கள் போன பிறகு, "இந்த வயசுல ஒங்களுக்கு ஒரு முறைப்பொண்ணு. இதுக்குத்தான் நோட்டுப் புத்தகமும் கையுமா அலைஞ்சீங்களா?" என்றார் அம்மா.

ஆனால் அந்த அம்மாளே தன்னைச் 'சின்னம்மா' என்று கூப்பிடும்படி என்னிடம் சொன்னதும், அம்மாவுக்கு இரண்டு ரவிக்கை தைத்துக் கொடுத்ததும் அம்மாவின் மனசு இளகிவிட்டது. அம்மாவுக்கு வாழ்க்கையில் அதுவரை கை சரியாக அமைந்த ரவிக்கை கிடைத்ததில்லை. ஆறே மாதத்தில் இருவரும் சேர்ந்து கிள்ளானில் புடவைக் கடை ஏற ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா பின்னால் பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். அழைப்பிதழில் அப்பா பெயர் மேலே, கீழே தாய்மாமன்களோடு லோரி மாமாவின் பெயரும் வர வேண்டும் என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். அழகாக எழுதிக் கொடுத்தோம். அச்சாகி வந்த கட்டைப் பிரித்தால் லோரி மாமாவைக் காணவில்லை. அப்பா அச்சகத்துக்கு ஓடினார்.

"அதே பேரு ரெண்டு தடவ இருந்துச்சு அண்ணே. இனிஷியல் மாறிப்போச்சு, தப்பா எழுதிட்டீங்கன்னு நெனச்சி நான்தான் ஒண்ண எடுத்துட்டேன்," என்றார் அச்சகக்காரர், ஏதோ உதவி செய்தவர் போல.

மறுபடி அடிக்க நேரமில்லை. அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு பண்டமாரானுக்குப் போன் போட்டார். நான் ரிசீவர் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அட விடுங்க மச்சான்," என்று லோரி மாமாவின் குரல் கரகரவென்று வந்தது. "மேல இருக்குறது என் பேருன்னு நான் சொல்லிக்கிறேன். பொண்ணுக்கு அப்பா நான்தான்னு மண்டபத்துல மொத வரிசையில ஒக்காந்துக்குறேன். நீங்க பந்தி பாருங்க லா!"

சொன்னபடியே முதல் வரிசையில் உட்கார்ந்தார். புதுச் சட்டை, சின்னம்மா தைத்தது. அப்பா அவருக்குப் பக்கத்து நாற்காலியில். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேரில் யார் பெண்ணின் அப்பா என்று கேட்டபோது, இருவரும் ஒன்றாகக் கையைத் தூக்கினார்கள்.